பசு எழுத்தா, கழுதை எழுத்தா

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில், எல்லோரும் இரண்டாம் முறை பரிமாறிக்கொண்டிருந்த நேரத்தில், ரெஜியானே குண்டைத் தூக்கிப் போட்டாள். பிறக்கப்போகும் குழந்தைக்கு அவள் புருஷன் வீட்டுப் பெயர் மட்டும்தானாம். நகாஜிமா. வெந்தோ வேண்டாமாம்.

அவள் அப்பா ஓஸ்மார் வெந்தோவின் முள்கரண்டி தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுவிட்டது. சான்டோஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். லாரி கனமுள்ள பெட்டிகள் அந்தரத்தில் ஆடியதைப் பார்த்தெல்லாம் அசராத மனுஷர், மகள் சொன்ன ஒரு வார்த்தையில் ஆடிப்போனார். இங்கே பிள்ளைக்கு நடுவில் அம்மா வீட்டுப் பெயர், கடைசியில் அப்பா வீட்டுப் பெயர். ஓஸ்மாருக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை கிடையாது. ரெஜியானேக்குக் கூடப்பிறந்தவர்களே கிடையாது. வெந்தோ என்ற பெயருக்கு மிச்சமிருந்தது அந்த நடு இடம் ஒன்றுதான். அதையும் துடைத்துவிடுகிறேன் என்கிறாள் மகள்.

அவள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. வெந்தோ என்றால் எங்கள் மொழியில் காற்று. பள்ளிக்கூடத்தில் டீச்சர் வருகைப் பதிவுக்கு அந்தப் பெயரைக் கூப்பிட்டால் போதும், கடைசி பெஞ்சில் எவனாவது உள்ளங்கையை அக்குளுக்குள் வைத்து அழுத்தி அந்தச் சத்தத்தைக் கொடுப்பான். வகுப்பே மூக்கைப் பிடித்துக்கொள்ளும். ஒன்றாம் வகுப்பிலிருந்து பள்ளியை விட்டுப் போகும்வரை அவள் கேட்ட சத்தம் அது. இன்றைக்குப் பல் டாக்டராகிவிட்டாள், பெயர்ப்பலகையில் வெந்தோவை வெறும் ஒரு எழுத்தாகச் சுருக்கிவைத்திருக்கிறாள். ஓஸ்மார் கதை நேர்மாறு. துறைமுகத் தொழிலாளர் அணியில் இடது ஓரத்தில் பந்தை எடுத்துக்கொண்டு அவர் ஓடிய காலத்தில், "காத்து வருது, வழிய விடு" என்று மைதானமே கத்தும். அந்தப் பெயரை நல்ல சட்டை மாதிரி போட்டுக்கொண்டு ஊர் சுற்றியவர்.

"அசிங்கமா இருக்குங்கறதுக்காக மட்டும் சொல்லலப்பா," என்றாள் ரெஜியானே. "நம்ம குடும்பத்தத் தவிர இந்தப் பேரு எவனுக்காவது இருக்கா? கொள்ளுத்தாத்தா ஊர்ல ஏதோ பண்ணிட்டு ஓடி வந்திருக்காரு. கப்பல விட்டு இறங்கினதும் பேரென்னன்னு கேட்டிருப்பாங்க. அந்த நேரம் பாத்து காத்தடிச்சிருக்கு. அதையே சொல்லிட்டாரு."

ஓஸ்மாரின் மனைவி இவோனே வாய்க்குள் சோற்றை வைத்துக்கொண்டே சிரித்தாள். அது அவருக்கு மகள் சொன்னதைவிட வலித்தது. இவோனே இத்தாலிக்காரர்கள் வழி. அவள் வீட்டில் தாத்தா பிறந்த தெரு வரைக்கும் தெரியும். மருமகன் மார்சியோ வீட்டில் கேட்கவே வேண்டாம், ஜப்பானில் எந்தக் கோயிலில் எந்த முன்னோர் பெயர் இருக்கிறது என்று குழந்தைகள்கூடச் சொல்லும். ஓஸ்மாரின் தாத்தா பெல்மீரோ மட்டும், போர்ச்சுகலில் எங்கோ புறப்பட்டு சான்டோஸில் காப்பி மூட்டை தூக்கி, பிள்ளை விவரம் தெரியும் முன்னால் செத்தும் போனவர். அவரைப் பற்றிக் கேட்க வீட்டில் யாரும் மிஞ்சவில்லை.

ஓஸ்மார் விடவில்லை, ஒற்றைக்காலில் நின்றார். கடைசியில் ரெஜியானே வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று ஒரு பேச்சு பேசினாள். போர்ச்சுகலில் வெந்தோ என்று நிஜமாக ஒரே ஒரு ஆளைக் காட்டட்டும், இருந்து செத்துப்போனவராக இருந்தாலும் சரி. காட்டினால் குழந்தைக்கு அந்தப் பெயரைப் போடுகிறாள். பொய்ப்பெயரை மட்டும் தன் பிள்ளை கழுத்தில் கட்டமாட்டாள். மார்சியோ தனக்கு இரண்டும் சம்மதம் என்றான். அப்பாவும் மகளும் சேர்ந்து அவனை முறைத்தார்கள்.

மறுநாள் காலையே ஓஸ்மார் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில், பழைய நகரத்துப் பதிவு அலுவலகத்தில் போய் நின்றார். பிறப்பு, கல்யாணம், சாவு மூன்றும் ஒரே கூரையின் கீழ் கிடக்கிற இடம். தாத்தாவின் கல்யாணப் பதிவுக்கு முழு நகல் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். சுருக்கமாக ஒரு சான்றிதழ் தருவார்கள், அதில் ஒரு மண்ணும் இருக்காது. முழு நகலில்தான் அன்றைக்கு அந்த எழுத்தர் எழுதிய ஒவ்வொரு வார்த்தையும் வரும்.

நகல் வந்ததும் அலுவலக வாசலிலேயே நின்று படித்தார். மாப்பிள்ளை பெல்மீரோ வெந்தோ, போர்ச்சுகல் தேசத்தவர், வோசா ஃப்ரியாவில் பிறந்தவர், ஜோக்கின் வெந்தோவின் மகன். மாப்பிள்ளைக்கு எழுதத் தெரியாததால் அவருக்காக வேறொருவர் கையெழுத்துப் போட்டிருந்தார். எழுத்தென்றால் எழுத்து, அப்படி ஓர் அழகு, ஒவ்வொரு வளைவும் வார்த்து எடுத்த மாதிரி. இவ்வளவு அழகாக எழுதுகிறவன் எதையும் தப்பாக எழுதமாட்டான் என்று ஓஸ்மார் அந்த இடத்திலேயே முடிவு கட்டினார். எழுத்து அழகாக இருந்தால் விஷயமும் சரியாக இருக்கும் என்று நம்புகிற ஜாதி நாங்கள்.

"அப்பனும் காத்துதான்," என்று வீட்டுக்குள் நுழையும்போதே அறிவித்தார். "ஜோக்கின் வெந்தோ. எழுத்துல இருக்கு. கப்பல்ல வந்த பேரு இல்ல இது, ஊர்லேர்ந்து வந்த பேரு."

இவோனேயும் கொஞ்சம் அசந்துதான் போனாள். ஆனால் அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. வோசா ஃப்ரியா என்று ஓர் ஊர் எந்த வரைபடத்திலும் இல்லை. கணினியில் தேடினார், போர்ச்சுகீசியர் சங்கத்துக்குப் போய்ச் சுவரில் தொங்கிய பெரிய வரைபடத்தில் நாற்காலி போட்டு ஏறி மூக்கை உரசித் தேடினார். இல்லை. வெந்தோ என்ற ஆளும் இல்லை. சங்கத்தில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்களிடம் கேட்டதற்கு, காற்று எல்லா ஊரிலும்தான் இருக்கிறது என்று ஒருவர் சீட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்.

இப்படியே வாரங்கள் போயின. ரெஜியானேயின் வயிறு மேடிட்டுக்கொண்டே வந்தது. ஓஸ்மார் கடைசியில், தாத்தா காலத்தில் மூட்டை தூக்க வந்தவர்களில் பெரும்பாலோர் வடக்கு போர்ச்சுகல்காரர்கள் என்று சங்கத்தில் யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கத்துக் கிராம அலுவலகங்களுக்கு ஒவ்வொன்றாகத் தொலைபேச ஆரம்பித்தார். காலையில் காப்பி குடித்த கையோடு உட்காருவார். அங்கே போனை எடுக்கிறவர்கள் "ஹலோ" என்று சொல்லமாட்டார்கள், "இருக்கேன்" என்பார்கள். அதுதான் அவர்கள் வழக்கம். நீங்கள் இருப்பது தெரிகிறது, வெந்தோ இருக்கிறானா என்று சொல்லுங்கள் என்று ஓஸ்மார் மனசுக்குள் பதில் சொல்லிக்கொண்டு மரியாதையாக விசாரிப்பார். இல்லை, தெரியாது, கேள்விப்பட்டதில்லை, திங்கட்கிழமை கூப்பிடுங்கள். சமையல்கட்டில் இவோனே இதைக் கேட்டுக் கேட்டு, அடுப்பில் பால் பொங்கினால்கூட "இருக்கேன், இருக்கேன்" என்று ஓடுகிற அளவுக்கு வந்துவிட்டாள்.

ஒருநாள் ஒரு பெண்குரல் எடுத்தது. ஃபெலிஸ்பீனா என்று பெயர், மரியாதைக்குத் 'தோனா' சேர்த்துக் கூப்பிடுவார்கள், மலைப்பக்கத்துக் கிராமம் ஒன்றின் அலுவலகத்தில் எல்லாமே அவள்தான். அந்த வடக்கத்திக்காரர்கள் நாக்கில் 'வ' நிற்காது, 'ப'வாகத்தான் வந்து விழும். எங்கள் ஊரில் அதை வைத்துச் சொல்லாத கேலி இல்லை.

"இருக்கேன். பணக்கம், சொல்லுங்க."

ஓஸ்மார் தன் கதையைச் சொல்லி, அந்தப் பக்கம் வெந்தோ என்று யாராவது உண்டா என்று கேட்டார். வழக்கமான பதிலை எதிர்பார்த்து, பட்டியலில் அந்த ஊரை அடிக்கப் பேனாவைக்கூட எடுத்துவிட்டார்.

"பெந்தோபா? நல்லா கேட்டீங்க. இங்க கல்ல பிட்டெறிஞ்சா ஒரு பெந்தோ தலையிலதான் பிழும். கல்லறத் தோட்டத்துல பாதிப்பேரு பெந்தோதான். பேணும்னா பந்து பாருங்க."

ஓஸ்மாருக்குத் தலைகால் புரியவில்லை. பேனா மேசைக்கடியில் உருண்டது. நன்றி சொன்னாரா இல்லையா என்றுகூட நினைவில்லாமல் போனை வைத்துவிட்டு, சமையல்கட்டுக்குள் போய், ஈரக்கையோடு நின்ற இவோனேயை இடுப்பைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். கண்டுபிடித்தாயிற்று. ஒருத்தன் இல்லை, கல்லறைத் தோட்டம் முழுக்க வெந்தோ.

இவோனே தன்னை விடுவித்துக்கொண்டு கையைத் துடைத்தாள். "அந்தம்மா வெந்தோன்னு சொன்னாங்களா, பெந்தோன்னு சொன்னாங்களா?"

"பெந்தோன்னுதான் சொல்லுவாங்க. வடக்கத்திக்காரி. வைனையே பைனுங்கறவங்க."

"சரி. பெந்தோன்னு பேரு இருக்கறவனையும் பெந்தோன்னுதானே சொல்லுவாங்க?"

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. பெந்தோ என்ற பெயர் எங்கள் பக்கத்தில் தெருவுக்கு ஒன்று இருக்கும். அதில் அதிசயமே கிடையாது. மறுபடியும் போன் போட்டார்.

"எந்த எழுத்துன்னு கேக்கலாம்னுதான் கூப்பிட்டேன், தோனா ஃபெலிஸ்பீனா. பேயா, வேயா?"

"பே."

"வேயா?"

"அதத்தான் சொல்றேன், பே."

ஓஸ்மார் நெற்றியைத் தேய்த்தார். எங்கள் மொழியில் பசுவுக்கான சொல் 'வே' என்ற எழுத்தில் தொடங்கும், கழுதைக்கான சொல் 'பே' என்ற எழுத்தில் தொடங்கும். அதைப் பிடித்துக்கொண்டார். "அம்மா, ஒண்ணு சொல்லுங்க. பசுவோட எழுத்தா, கழுதையோட எழுத்தா?"

"கழுதையோடதுதான் ஐயா. பேற எப்படி எழுதுபாங்க?"

அவர் போனை வைத்த விதத்திலேயே இவோனேக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஆறுதலாக ஏதாவது சொல்லவேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். ஆனால் திடீரென்று என்னவோ நினைவுக்கு வந்து, அடுப்புமேடையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தாள். ஓஸ்மாருக்குக் கோபம் வந்துவிட்டது. மனுஷன் குடும்பமே காற்றில் போய்க்கொண்டிருக்கிறது, இவளுக்கு என்ன சிரிப்பு.

கல்யாணத்துக்கு முன்னால் இவோனே ஒரு போர்ச்சுகீசியர் பேக்கரியில் வேலை பார்த்தவள். கேக்கில் சர்க்கரைப் பாகால் பெயர் எழுதுவது அவள் பொறுப்பு. ஒரு வடக்கத்திக்காரர் வந்து, பெண்டாட்டிக்குப் பிறந்தநாள், 'வாழ்த்துகள் பெலீன்யா' என்று எழுதச் சொன்னார். பெலீன்யா என்பது அந்த அம்மாவின் செல்லப்பெயர். இவோனேக்கு அது தெரியாது. நாள் முழுக்க இவர்களோடு மாரடித்தவள் அல்லவா, இவர்கள் 'ப' என்றால் 'வ' என்று எடுத்துக்கொள்ளவேண்டும் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். கெட்டிக்காரியாகத் திருத்தி, பெரிய பெரிய எழுத்தில் 'வாழ்த்துகள் வெலீன்யா' என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். வெலீன்யா என்றால் கிழவி. உறவுக்காரர்கள் அத்தனை பேர் முன்னிலையிலும் கேக்கைத் திறந்த அந்த அம்மா, மறுநாள் காலை அதை அப்படியே கொண்டுவந்து இவோனே முன்னால் கவிழ்த்தாள்.

"உங்க தாத்தா பேரும் அந்தக் கேக்கு மாதிரிதான், ஓஸ்மார்," என்றாள் இவோனே கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அந்த எழுத்தரும் என்னாட்டம் ஒரு கெட்டிக்காரன்தான். வரிசையா இந்த ஊர்க்காரங்களா வந்து நின்னிருப்பாங்க. பாஸ்கோம்பான், வாஸ்கோன்னு திருத்துவான். பிசென்தேம்பான், விசென்தேன்னு திருத்துவான். உங்க தாத்தா ஒழுங்கா பெந்தோன்னுதான் சொல்லியிருக்காரு. இவங்க லட்சணம் நமக்குத் தெரியாதான்னு வெந்தோன்னு போட்டுட்டான்."

"பெல்மீரோவ மட்டும் ஏன் விட்டான்?"

"அது எல்லாருக்கும் தெரிஞ்ச பேரு. ஊர்ப் பேரப் பாரு. வோசாவ விடு, போசா ஃப்ரியான்னு தேடு."

தேடினார். உடனே வந்து நின்றது. தோனா ஃபெலிஸ்பீனாவின் கிராமத்தைச் சேர்ந்த குக்கிராமம், நாலைந்து கூரை, ஒரு ஓடை. எழுதத் தெரியாத தாத்தா, தன் பெயரை யாரோ மாற்றி எழுதுவதை எதிரிலேயே நின்று பார்த்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. ஃபெலிஸ்பீனா ஆர்வம் தாங்காமல் தானே தேட இறங்கினாள். அந்தக் காலத்தில் அங்கே பிறப்பை மாதா கோயிலில்தான் பதிவார்கள். அந்தப் பதிவேட்டுப் பக்கத்தின் படத்தை ஓஸ்மாருக்கு அனுப்பினாள். பெல்மீரோ, தகப்பன் ஜோக்கின் பெந்தோ, தாய் மரியா ரோசா, போசா ஃப்ரியாவில் விடிகாலையில் பிறந்தான். ஓடி வந்தவர் இல்லை, ஒளிந்து வந்தவர் இல்லை. அப்பன் ஆத்தாள் உள்ளவர், பிறந்தபோது ஊரே வந்து பார்த்தவர். ஓஸ்மாருக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து உருகினார். ஆனால் மகள் கேட்டது பெந்தோவை அல்ல. வெந்தோ என்று ஒருவனைக் காட்டு என்றாள். அப்படி ஒருவன் அங்கே இல்லை, எந்தக் காலத்திலும் இருந்ததும் இல்லை.

ஒருநாள் சவரம் செய்துகொண்டிருந்தபோது அவருக்கு அந்த யோசனை வந்தது. படத்தைக் காட்டினால்தானே வம்பு. ஃபெலிஸ்பீனாவைப் பேசவிட்டால்? அவள் வாயில் வெந்தோவும் ஒன்றுதான், பெந்தோவும் ஒன்றுதான். இவர் ஒரு பொய்கூடச் சொல்லவேண்டியதில்லை. இவோனேயிடம் சொன்னார். உன் பாடு உன் மகள் பாடு என்று அவள் கையைக் கழுவிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் போனை மேசை நடுவில் வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டினார். ரெஜியானேக்கு அது எட்டாம் மாசக் கடைசி, கால் வீங்கியிருந்தது, ஒரு நாற்காலியில் உட்கார்ந்து இன்னொன்றில் காலை நீட்டியிருந்தாள். நம்பிக்கை இல்லாத முகத்தோடு போன் பக்கம் குனிந்தாள்.

"அம்மா, அங்க நிஜமாவே வெந்தோன்னு ஆளுங்க இருக்காங்களா?"

"இருக்காங்களாபா? நானே பொறந்த பீட்டு பழியில பெந்தோதான்மா. உன் கொள்ளுத்தாத்தா பெல்மீரோபும் எங்க ஆளுதான். அபரு பொறந்த பீட்டோட சுபரு இன்னும் நிக்குது, மேல அத்திமரம் மொளச்சிருக்கு. நீ புள்ளைய எடுத்துட்டு பா, நான் கூட்டிட்டுப் போயிக் காட்டுறேன்."

ரெஜியானே வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண் நிறைந்துவிட்டது. மார்சியோ அவள் தோளில் கை வைத்தான்.

"பள்ளிக்கூடத்துல இது தெரிஞ்சிருக்கணும்," என்றாள். "ஒவ்வொருத்தனையும் அறைஞ்சிருப்பேன். சரிப்பா. நீ ஜெயிச்சிட்ட. வெந்தோன்னே போட்டுடறேன்."

ஓஸ்மார் இத்தனை வாரமாக ஏங்கியது இந்த வார்த்தைக்குத்தான். எழுந்து கத்தியிருக்கவேண்டும். ஆனால் மகள் தன்னைப் பார்த்த பார்வையில் அத்தனை நம்பிக்கை இருந்தது, அவருக்கு அதைத் தாங்க முடியவில்லை. இவோனே அவரைப் பார்க்காமல் மேசைவிரிப்பில் இருந்த ரொட்டித்தூளை ஒன்றுசேர்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெஜி," என்றார். "அந்தம்மாகிட்ட இன்னொண்ணு கேளு. பசு எழுத்தா, கழுதை எழுத்தான்னு கேளு."

"என்னப்பா இது?"

"கேளேன்."

அவள் கேட்கவேண்டியதே இல்லை, போனிலிருந்தே பதில் வந்துவிட்டது. "கழுதைதான்மா. உங்கப்பாபுக்கு எத்தன தடபதான் சொல்லுறது."

ஓஸ்மார் எல்லாவற்றையும் சொன்னார். எழுத்தர், கேக்கு, கோயில் பதிவு, ஒன்று விடவில்லை. ரெஜியானே குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அப்போ வெந்தோன்னு அங்க ஒருத்தனும் இல்ல."

"இல்ல."

"நீ பேசாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"எனக்குத் தெரியுமே. புள்ள பேருல பொய்ய வச்சிட்டு அதத் தூக்கிக் கொஞ்ச முடியாது, ரெஜி."

மார்சியோ, அந்த வீட்டில் பொதுவாக வாயே திறக்காதவன், "வாழ்த்துகள் வெலீன்யா" என்று மெல்ல முணுமுணுத்தான். ரெஜியானேக்குச் சிரிப்பு வெடித்துக் கிளம்பியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம் வலிக்கிறது என்று கெஞ்சிக்கொண்டே சிரித்தாள். என்ன நடக்கிறதென்று புரியாமல் போனில் ஃபெலிஸ்பீனாவும் சேர்ந்துகொண்டாள். ஓஸ்மாரும் சிரித்தார், தோற்றவன் சிரிக்கிற சிரிப்பு. பெயரைப் பற்றி அதற்கப்புறம் மகள் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்க என்ன உரிமை இருக்கிறது என்று விட்டுவிட்டார்.

குழந்தை சொன்ன தேதிக்கு முன்னாலேயே அவசரப்பட்டு வந்து சேர்ந்தது. பெண். தலை நிறைய மயிர், நகாஜிமா வீட்டுக் கண், ஓஸ்மார் வீட்டுக் குரல். ஆஸ்பத்திரி அறையில் இவோனே அவளைக் கையில் வாங்கியதும் இத்தாலி, ஜப்பான் என்று யாரிடமும் கேட்காமல் முழுக்கத் தன் சாயல்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். செலினா என்று கூப்பிடப்போகிறார்கள் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்திலேயே பிறப்பைப் பதிய ஒரு கவுன்டர் உண்டு. மார்சியோ காகிதங்களை எடுத்துக்கொண்டு கிளம்பினான். ரெஜியானே படுக்கையிலிருந்து கூப்பிட்டாள்.

"செலினா வெந்தோ நகாஜிமா. வே. மறந்துடாத."

ஓஸ்மார் ஜன்னல் பக்கம் நின்றிருந்தார். தப்பாகக் காதில் விழுந்திருக்கும் என்று நினைத்தார். இந்தக் குடும்பத்தில் காதை நம்ப முடியாது. பதறிப்போய்த் திரும்பினார்.

"வேணாம் ரெஜி. எனக்காகப் பண்ணாத. வேணும்னா பெந்தோன்னு போடு, அதுதான் நிஜம். இல்லன்னா ஒண்ணும் வேணாம். வெந்தோன்னு ஒருத்தனும் இல்லன்னு ஆயிடுச்சே."

"நான் என்ன கேட்டேன்? நிஜமா ஒரே ஒரு வெந்தோவக் காட்டுன்னு கேட்டேன்," என்றாள் ரெஜியானே. களைப்பில் அவள் குரல் கரகரத்தது. "ஜெயிச்ச ஆட்டத்த எனக்காக நீயே தோத்தியே, அந்த ஆளப் பாத்துட்டேன். எனக்கு அந்த ஒருத்தன் போதும். பெந்தோ யாருன்னு எனக்குத் தெரியாதுப்பா. வெந்தோ யாருன்னு தெரியும்."

மார்சியோ ஓஸ்மாரின் முழங்கையைப் பிடித்து, வாங்க மாமா, நீங்களும் கீழே வாங்க என்று அழைத்துக்கொண்டு போனான்.

கவுன்டரில் இருந்தது ஓர் இளம்பெண். விறுவிறுவென்று தட்டச்சு செய்தாள். குழந்தையின் பெயர், பிறந்த நேரம், அப்பா, அம்மா, அப்பா வழித் தாத்தா பாட்டி. பிறகு கண்ணை உயர்த்தாமலே, அம்மா வழித் தாத்தாவின் பெயர் என்ன என்று கேட்டாள்.

ஓஸ்மார் ஒரு கணம் அவள் யாரைக் கேட்கிறாள் என்று பார்த்தார். யாரோ ஒரு தாத்தாவைத் தேடி இத்தனை மாசம் இந்த மாதிரிக் கவுன்டர்களின் இந்தப் பக்கத்தில் நின்றவர். அந்தத் தாத்தா இப்போது தான்தான் என்பது அவருக்கு மெல்லத்தான் உறைத்தது. தன் பெயரைச் சொன்னார். சொன்னதோடு நிற்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கவுன்டர் மேல் பாதி உடம்பைச் சாய்த்து, திரையைத் தன் பக்கம் திருப்பச் சொன்னார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முனகினார்கள். அந்தப் பெண் பெருமூச்சு விட்டுத் திருப்பினாள். அவர் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார், ஓஸ்மார், வெந்தோ, மேலே போய் செலினா, வெந்தோ, நகாஜிமா, மறுபடி கீழே வந்து ஓஸ்மார். அப்படியே விரல் அங்கேயே நின்றது. கண்ணாடிக்குள் எல்லாம் மங்கிவிட்டது, அவர் அதைக் கழற்றவும் இல்லை, துடைக்கவும் இல்லை.

"என்ன ஐயா, எதாவது தப்பா இருக்கா?" என்றாள் அந்தப் பெண், இப்போது கொஞ்சம் பயந்த குரலில்.

அவரால் பேச முடியாததைப் பார்த்துவிட்டு மார்சியோதான் சொன்னான். "இல்லம்மா. சரியா இருக்கு."